எதை முதலில் செய்வது?

2+3×4 எவ்வளவு? 14 என்பீர்கள். சாதாரணக் கைக்கணிப்பானில் அதே வரிசையில் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் 20 என்றே காட்டும். வந்ததை வந்தபடியே அது கணக்கிட்டுவிடுகிறது.

பெருக்கலுக்கு முதலிடம் தந்தவர் யார்? தனியொருவர் அல்லர். கூட்டல், கழித்தல் குறிகள் 1489இல் ஜெர்மானியர் விட்மனின் நூலில் அச்சேறின. × குறி 1631இல் ஆங்கிலேயர் ஆட்ரெட்டின் நூலிலும், வகுத்தலுக்கு ÷ குறி 1659இல் சுவிஸ் நாட்டவர் ரானின் நூலிலும் வந்தன. இயற்கணிதத்தில் இரண்டு எழுத்துகளை ஒட்டி எழுதினாலே பெருக்கல்தான். ஒட்டி நிற்பவற்றை முதலில் பெருக்குவது வழக்கமாக ஊன்றிவிட்டது.

ஆனால் 24÷6×2? இடமிருந்து வலமாகச் செய்தால் 8. பெருக்கலை முதலில் செய்தால் 2. ÷, × இரண்டும் சேர்ந்து வந்தால் எது முதலில் என்பதில் ஒருமித்த கருத்தில்லை என்று கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய கஜோரி 1928இலேயே குறிப்பிட்டார்! பின்னரே, இவை சம உரிமை உடையவை, இடமிருந்து வலமாகச் செய்க என்பது பள்ளிகளில் நிலைத்தது. கூட்டலும் கழித்தலும் அப்படியே.

‘வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல்’ என மனப்பாடம் செய்த சிறுவன் 10−3+2க்கு 5 என்று எழுதுவான். உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த வரிசைப்படிதான் செய்திருக்கிறான். பத்துக் கோலிகளில் மூன்றைத் தோற்று, பிறகு இரண்டை வென்றால் கையில் எத்தனை என்று கேளுங்கள். ஒன்பது என்று அவனே சொல்வான்.