பிரெட்டன் உட்ஸில் பிரிக்கப்பட்ட பங்குகள்

1944 ஜூலையில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடிப் பன்னாட்டு நாணய நிதியத்தை வடிவமைத்தபோது, கடும் பூசலுக்கு உள்ளானது 'ஒதுக்கீடு' எனப்படும் பங்குத்தொகையே. ஒரு நாடு செலுத்த வேண்டிய மூலதனம், பெறக்கூடிய கடன், வாக்கு வலிமை ஆகிய மூன்றும் அத்தொகையையே சார்ந்திருந்தன. அமெரிக்காவுக்கு 275 கோடி டாலரும் பிரிட்டனுக்கு 130 கோடியும் குறிக்கப்பட, பின்னாளில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் இடம்பெற்றிருந்த இந்தியக் குழு, சீனாவுக்கு 55 கோடி வழங்கப்பட்டிருக்கத் தனக்கு 40 கோடியே தரப்பட்டதில் மனக்குறை கொண்டது. போர்ச் செலவுக்காகப் பிரிட்டன் இந்தியாவிடம் பட்டிருந்த கடனாகிய ஸ்டெர்லிங் இருப்பின் ஒரு பகுதியை நிதியத்தின் வழியே பிற நாணயங்களாக மாற்றித்தர வேண்டும் என்ற அக்குழுவின் கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. கடன்பட்டவரே ஆள்பவராகவும் இருந்த நிலையில் அதில் வியப்பில்லை. சோவியத் ஒன்றியம் சேராது ஒதுங்கியதாலேயே இந்தியா முதல் ஐந்து பங்காளர்களுள் ஒன்றாயிற்று.

இன்று நிதியத்தின் முக்கிய மாற்றங்களுக்கு 85 விழுக்காடு வாக்குகள் தேவைப்படுவதால், 15 விழுக்காட்டுக்கு மேல் கைக்கொண்டுள்ள அமெரிக்கா தனித்து நின்றே அவற்றைத் தடுக்க இயலும். வளரும் நாடுகளின் பங்கை உயர்த்த 2010-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட சீர்திருத்தம், அமெரிக்கக் காங்கிரசின் இசைவு 2015 டிசம்பர் வரை கிட்டாமையால், 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.