ஊர் சுற்றித் திரும்பிய பஞ்ச்

செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். 1996-ல் ஹூண்டாய் இங்கே கால் ஊன்றியது. பின்னால் செயின்ட் கோபைன், நோக்கியா, ரெனோ-நிசான், டைம்லர் என்று வரிசையாக வந்தார்கள். கொரிய, ஜப்பானிய, ஐரோப்பிய எஞ்சினியர்கள் மாதக்கணக்கில் தங்க ஓட்டல்கள் எழுந்தன. அந்த ஓட்டல்களுக்குள் எஃப்.எல்.3 உரிமம் பெற்ற பார்கள் வந்தன. அமெரிக்க போர்பன் விஸ்கியும் பாதாம் மணக்கும் இத்தாலிய அமரெட்டோவும் இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

இரண்டையும் எலுமிச்சைச் சாறோடு ஐஸில் குலுக்கினால் கிடைப்பது அமரெட்டோ சவரின் ஒரு வடிவம். மேல்நாட்டுப் பானம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பாட்டில்களின் முகவரியைப் பார்த்தால் அது சரி. ஆனால் காரமான சாராயத்தை இனிப்பாலும் புளிப்பாலும் தண்ணீராலும் வசப்படுத்தும் அந்தக் கணக்கு இந்தியக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. நான்கு நூற்றாண்டு ஊர் சுற்றிவிட்டு இங்கே திரும்பியிருக்கிறது.

1632 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ராபர்ட் ஆடம்ஸ், சோழமண்டலக் கரையின் வடபகுதியில் பெத்தபள்ளியில் இருந்த தாமஸ் காலிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஊர் இன்றைய ஆந்திரத்தின் நிஜாம்பட்டினம். பஞ்ச் என்ற பானம் எழுத்தில் முதன்முதலாகத் தென்படுவது அந்தக் கடிதத்தில்தான். புனித ஜார்ஜ் கோட்டைக்கு அப்போது அடிக்கல்கூட விழவில்லை. ஆறு ஆண்டு கழித்து, 1638-ல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மண்டெல்ஸ்லோ, ஆங்கிலேயர் குடித்த இதே வகைப் பானத்தில் என்னென்ன சேர்ந்தன என்று குறித்து வைத்தார்: சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை.

கப்பலில் வந்த பீரும் திராட்சை மதுவும் வெயிலில் கெட்டுப்போயின. இங்கே கிடைத்ததோ கள்ளைக் காய்ச்சி இறக்கிய அரக்கு. தொண்டையைச் சுடும் சரக்கு அது. பக்கத்திலேயே எலுமிச்சையும் வெல்லமும் சாதிக்காயும் கிடைத்தன. கலந்த கை ஆங்கிலேயருடையதாக இருக்கலாம். கலந்த பொருள்களோ இந்தக் கரைகளின் சந்தைச் சரக்கு. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெயிலில் வந்தவருக்கு எலுமிச்சையும் வெல்லமும் கரைத்துப் பானகம் கொடுத்த ஊர்கள் இவை. புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அடக்கும் என்பதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பஞ்ச் கப்பலோடு லண்டனுக்குப் போனது. அரக்கு விலை கூடியபோது அதன் இடத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ரம் வந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டியதும் பெரிய கிண்ணம் சுருங்கி ஒற்றைக் கிளாஸ் ஆனது. 1862-ல் நியூயார்க்கில் ஜெர்ரி தாமஸ் வெளியிட்ட கலவைப் புத்தகத்தில் பஞ்ச் வகைகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை கொண்ட சிறிய சவர் வகைகளும் அதில் இடம்பெற்றன.

இனிப்புக்கு வருவோம். அமரெட்டோவின் ஊர் மிலானுக்குப் பக்கத்தில் உள்ள சரோன்னோ. 1525-ல் அங்கே மாதா கோயில் சுவரில் ஓவியம் தீட்ட வந்த பெர்னார்டினோ லுயினிக்கு, அவர் வரைந்த மாதாவுக்கு மாதிரியாக அமர்ந்த விதவை ஒருத்தி சர்க்கரைப் பாதாமி (ஆப்ரிகாட்) கொட்டைகளை பிராந்தியில் ஊறவைத்துக் கொடுத்தாள் என்று தயாரிப்பாளர்கள் கதை சொல்கிறார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். சர்க்கரைப் பாதாமி கொட்டை மட்டும் உண்மை. டிசரோன்னோ என்ற அமரெட்டோ பாட்டிலில் பாதாம் கிடையாது. பாதாம் மணம் பென்சால்டிஹைடு என்ற பொருளிலிருந்து வருகிறது. கசப்புப் பாதாமிலும் சர்க்கரைப் பாதாமி கொட்டையிலும் அமிக்டலின் இருக்கிறது. அது நீரில் உடையும்போது இந்த மணமும் வரும், கூடவே சயனைடும் வரும். தொழிற்சாலையில் நஞ்சைப் பிரித்துவிட்டு மணத்தை மட்டும் எடுக்கிறார்கள். வீட்டில் கொட்டையை உடைத்து ஊறவைத்துப் பார்க்கும் வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

அமரெட்டோ ஒரு லிக்யூர், அதாவது இனிப்பூட்டிய மது. ஐரோப்பியச் சட்டப்படி அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமானால் லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். 1970-களில் அமெரிக்க பார்களில் அமரெட்டோவைப் பாட்டிலில் அடைத்த புளிப்பு-இனிப்புக் கலவையோடு சேர்த்து ஊற்றினார்கள். இனிப்பின் மேல் இனிப்பு. பானத்தின் பெயர் கெட்டது. அதை மீட்டவர் போர்ட்லாந்தின் பார் கலைஞர் ஜெஃப்ரி மார்கன்தாலர். 2012-ல் அவர் சொன்ன அளவு: அமரெட்டோ 45 மில்லி, தண்ணீர் கலக்காத பீப்பாய் வீரியத்து போர்பன் 22 மில்லி, எலுமிச்சைச் சாறு 30 மில்லி, ஒரு சிறு கரண்டி சர்க்கரைப் பாகு, 15 மில்லி முட்டை வெள்ளைக்கரு.

அவர் போர்பனைச் சேர்த்ததில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி போர்பனில் மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் அது கிடக்க வேண்டும். அதில் சர்க்கரை கிடையாது. கருகிய மரம் வெனிலா மணத்தையும் தேங்காய் போன்ற மணத்தையும் தருகிறது. மூக்கு இனிப்பென்று சொல்ல, நாக்கில் காரமும் மரத்தின் துவர்ப்பும் படுகின்றன. டிசரோன்னோவின் 28 சதவீதச் சாராய மென்மைக்கு முதுகெலும்பு கொடுப்பது அதுதான். ஒருமுறை பயன்பட்ட பீப்பாயைப் புதிய போர்பனுக்கு மறுபடி எடுக்க முடியாது. அதனால் அந்தப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும், பெங்களூரின் அம்ருத் ஆலைக்கும் பயணப்படுகின்றன.

இந்தியாவுக்குள் நுழையும்போது போர்பனுக்கு 150 சதவீதச் சுங்கம் இருந்தது. 2025 பிப்ரவரியில் அது 100 ஆகக் குறைந்தது. அமரெட்டோ போன்ற மற்ற மதுவகைகளுக்கு அன்று 150 அப்படியே நின்றது. ஒரே கிளாஸில் சேரும் இரண்டு பாட்டில்களுக்கு இரண்டு வரி! தமிழ்நாட்டில் 1983-லிருந்து மொத்த விற்பனை டாஸ்மாக் கையில். 2003-லிருந்து சில்லறையும் அதே. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தின் மேவளூர்குப்பத்திலேயே எம்பீ நிறுவனத்தின் சாராய ஆலை எழுந்தது. ஆனால் நம் ஆலைகளின் சாதாரண விஸ்கிக்குப் பெரும்பாலும் அடிப்படை கரும்பு மொலாசஸ். போர்பனின் வேலையை அது செய்யாது.

பீப்பாய் வீரியத்து போர்பன் இங்கே எளிதில் கிடைக்காததால் மார்கன்தாலர் அளவை அப்படியே எடுத்தால் இனிப்பு மேலோங்கும். அளவைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் தீர்மானம். போர்பன் 45 மில்லி, அமரெட்டோ 22, எலுமிச்சைச் சாறு 20. பாகு வேண்டாம். நம் சின்ன எலுமிச்சைக்கு மணம் கூர்மை. தோலை அழுத்திப் பிழிந்தால் கசப்பு இறங்கும், அதனால் பாதியாக அறுத்து மென்மையாகப் பிழிய வேண்டும். வெள்ளைக்கரு சேர்ப்பதானால் முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கி நுரை கட்டவிட்டு, பிறகு ஐஸ் போட்டு ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூக்கும்வரை குலுக்க வேண்டும். ஊற்றும்போது முதலில் எல்லாம் பழுப்பு நிறத்தில் கலங்கித் தெரியும். பிறகு நுரை மெல்ல மேலே ஏறி விரலளவு வெள்ளையாக நிற்கும்.

ஐஸை யாரும் பொருளாகக் கணக்கில் எடுப்பதில்லை. குலுக்கும்போது உருகும் நீர் கிளாஸில் ஏறக்குறைய கால் பங்கு. அந்த நீர் இல்லையென்றால் காரமும் இனிப்பும் தனித்தனியாக நின்று முட்டும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. போர்பனின் கென்டக்கியும் அமரெட்டோவின் சரோன்னோவும் சேர்ந்து செய்யாத வேலையைச் சென்னை பார் ஒன்றில் ஐஸாக உறைந்த அந்த ஏரித் தண்ணீர் செய்து முடிக்கக்கூடும். குளிர் இனிப்பை அடக்கும் என்பதால், பானம் சூடேறச் சூடேற இனிப்பு தலைதூக்கும். முதல் மடக்கில் சற்றே புளிப்பு தூக்கலாக இருந்தால்தான் கடைசி மடக்கு திகட்டாது.

நெடுஞ்சாலை ஓட்டல்களில் பரிமாறும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிலில் வரும் லைம் கார்டியலைத் தொடாதீர்கள், எலுமிச்சையை அப்போதே பிழியுங்கள், அமரெட்டோவை அளந்து ஊற்றுங்கள்.

குடிப்பவர்களுக்கும் ஒன்று. இந்தக் கிளாஸில் இருக்கும் சாராயம் ஏறக்குறைய ஒரு லார்ஜுக்குச் சமம். இனிப்பு அதை நாக்குக்குக் காட்டாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். வெளியே இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை. வண்டிச் சாவியைக் குடிக்காதவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.