'இந்த டேபிளை நான் மட்டும்தான் தொடுவேன்': கேச்சின் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கிளறியபோது, 2011-ல் நான் எழுதிய ஒரு ஜாவா கிளாஸ் கண்ணில் பட்டது. கட்டண விகிதங்களுக்கான என்டிட்டி. அதன் தலையில் ஒரே ஒரு வரி: கேச் அனோட்டேஷன். அந்த வரியால் ஒருவருக்கு மெமோ வந்தது. அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

அடிக்கடி எடுக்கும் சாமானை அஞ்சறைப்பெட்டியிலும் மிச்சத்தைப் பரணிலும் வைப்பது நம் வீடுகளில் பழகியதுதான். கணினியில் இதைத் தெளிவாக எழுதி வைத்தவர் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ். 1965-ல் வந்த அவருடைய கட்டுரை இரண்டே பக்கம். அதில் அவர் வைத்த பெயர் 'ஸ்லேவ் மெமரி'. 1968-ல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85-ல் இதை வணிகரீதியாகக் கொண்டுவந்தது. 'கேச்' என்ற சொல் ஐபிஎம்மின் ஆய்விதழ் வழியாகத்தான் நிலைபெற்றது. மூலம் பிரெஞ்சு, பொருள் ஒளித்துவைப்பது. பொருத்தமான பெயர்தான். ஒளித்து வைத்ததை மறந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான் என் கதை.

இனி ஓஆர்எம் பக்கம் வருவோம். 2001-ல் வந்த ஈஜேபி 2.0 விதிகளில் என்டிட்டி பீன்களுக்கு ஏ, பி, சி என மூன்று கமிட் ஆப்ஷன்கள் உண்டு. 'ஏ' எடுத்தால், ஒரு டிரான்சாக்‌ஷன் முடிந்த பிறகும் பொருளின் நிலையைக் கன்டெய்னர் நினைவிலேயே வைத்துக்கொள்ளும், டேட்டாபேஸிடம் மறுபடி கேட்காது. இதற்கு ஒரு நிபந்தனை: டேட்டாபேஸை வேறு யாரும் தொடக் கூடாது. இந்த வரலாற்றிலேயே முக்கியமான வாக்கியம் இதுதான் என்பேன்.

அந்த பீன்களின் பாரம் தாங்காமல்தான் அதே 2001-ல் கேவின் கிங் ஹைபர்னேட்டைத் தொடங்கினார். அதில் இரண்டு அடுக்கு கேச். முதலாவது ஒவ்வொரு செஷனுக்கும் தனி, அதை அணைக்க முடியாது. இரண்டாவது செஷன் ஃபேக்டரிக்குச் சொந்தம், எல்லா செஷன்களுக்கும் பொது. இரண்டாவதில் பொருளையே வைப்பதில்லை. பொருளைப் பிரித்து மதிப்புகளை மட்டும் அடுக்கி வைக்கிறார்கள். நாம் சொல்லாமல் எந்த என்டிட்டியும் அதற்குள் போகாது.

ஸ்மால்டாக் உலகிலிருந்து வந்த டாப்லிங்க் வேறு வழியில் போனது. அதன் வாரிசான எக்லிப்ஸ்லிங்க்கில் பொது கேச் இயல்பாகவே இயங்கும், வேண்டாமென்றால் நாம்தான் அணைக்க வேண்டும். பொருட்கள் நினைவிலேயே வாழ்வதுதான் இயல்பு என்ற ஸ்மால்டாக் பழக்கத்தின் மிச்சம் இது என்பது என் அனுமானம். 2009 டிசம்பரில் ஜேபிஏ 2.0 வந்தபோது இரண்டு தரப்புக்கும் இடம் கொடுத்தார்கள். எல்லாம், எதுவுமில்லை, குறித்தவை மட்டும், குறித்தவை தவிர என்று தேர்வுகள். எதையும் சொல்லாவிட்டால் அந்தந்த லைப்ரரியின் இஷ்டம்.

இப்போது 2011. ஒரு நிதி அலுவலகத்துக்கான மென்பொருள். ஸ்க்ரீன் மெதுவாக வருகிறது என்று புகார். கட்டண டேபிள் எப்போதோதானே மாறுகிறது என்று அந்த என்டிட்டிக்கு ஹைபர்னேட்டின் இரண்டாம் அடுக்கு கேச்சை இயக்கினேன். ஈஹெச்கேச் அமைப்பில் 'இடர்னல்' என்பதற்கு 'ட்ரூ' கொடுத்தேன், அதாவது காலாவதியே கிடையாது. வேகம் கூடியது. பாராட்டும் கிடைத்தது.

சில மாதம் கழித்து, சப்போர்ட் ஆள் ஒருவர் ராத்திரியில் நேரடியாக எஸ்க்யூஎல் எழுதிக் கட்டணத்தை மாற்றினார். ஹைபர்னேட் வழியாக அப்டேட் போயிருந்தால் அதுவே கேச்சைச் சரிசெய்திருக்கும். வெளியிலிருந்து வந்த மாற்றம் அதற்கு எப்படித் தெரியும்? மறுநாள் ஸ்க்ரீனில் பழைய கட்டணமே நிரம்பி வந்தது. அந்தப் பெட்டியில் கையாலும் திருத்தலாம் என்பதால், கவுன்டர் ஊழியர்தான் பழைய தொகையை அடித்துவிட்டார் என்று மெமோ கொடுத்தார்கள். எங்களிடம் கேட்டார்கள். நான் டேட்டாபேஸைப் பார்த்தேன், புதுக் கட்டணம் இருந்தது. "சாஃப்ட்வேர் சரியாத்தான் சார் இருக்கு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன், திட்டு வாங்கினேன், மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஊழியரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டபோது, "ரெண்டு நாளா நானே என் கையைச் சந்தேகப்பட்டேன் சார்" என்றார்.

ஈஜேபி காரர்கள் எழுதி வைத்த நிபந்தனையை நான் படித்ததே அதற்குப் பிறகுதான். இன்றும் டீமில் யாராவது கேச் போடலாமா என்று கேட்டால், எவ்வளவு வேகம் கூடும் என்று நான் கேட்பதில்லை. "அந்த டேபிளை வேற யாரெல்லாம் தொடுவாங்க?" என்றுதான் கேட்கிறேன். பதில் தெரியாதென்றால் காலாவதி நேரம் இல்லாமல் கேச் போட விடுவதில்லை.