சீரற்ற நாடியும் ஆயுள் காப்பீடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டனில் ஆயுள் காப்பீடு கேட்டு வந்தவரின் நாடி தவறித் துடித்தால், அதுவே ஆபத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. இந்த அச்சத்துக்கு முக்கியக் காரணம் அக்கால மருத்துவத்தின் அறியாமை என்பேன். பர்ன்லி என்ற ஆலை நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி, துடிப்பைத் தாளில் வரையும் பாலிகிராஃப் கருவியோடு தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். இளையோரிடம் மூச்சுக்கேற்ப மாறும் துடிப்பும், இடையிடையே முந்திவரும் துடிப்பும் பெரும்பாலும் தீங்கற்றவை என்று கண்டார். முற்றிலும் ஒழுங்கிழந்த துடிப்பைத் தனியே பிரித்தார். அது இதய மேலறைகளின் நடுக்கத்தால் வருவது என்று 1909இல் தாமஸ் லூயிஸ் இசிஜி மூலம் காட்டினார்.

பலருடைய பணத்துக்குப் பொறுப்பான நிறுவனம், சந்தேகம் வந்தால் மறுப்பதுதானே முறை என்று கேட்கலாம். பொறுப்பு உண்மைதான், ஆனால் மறுப்பு மட்டுமே வழியாக இருந்ததில்லை. 1824இல் லண்டனில் தொடங்கிய கிளெரிக்கல் மெடிக்கல் சங்கம் உடல்நலம் குன்றியவர்களையும் கூடுதல் பிரீமியத்தில் ஏற்றது. அமெரிக்காவில் நியூயார்க் லைஃப் நிறுவனம் 1896இல் அதே பாதைக்கு வந்தது. ஆபத்தை அளக்க முடிந்தால் அதற்கு விலையும் வைக்கலாம். அளக்காமலே மூடிய கதவுக்குத்தான் நியாயம் சொல்ல முடியாது. எனவே இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் எதையும் மறைக்காமல், கோளாறின் வகையைக் குறிப்பிட்டு, இசிஜியும் மருத்துவர் அறிக்கையும் இணைத்து விண்ணப்பியுங்கள்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.