கப்பல் தரித்த பொழுது: கொழும்பும் உல்லாசப் பயணிகளும்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அந்நகருக்கு வந்துசென்ற அந்நியரின் குறிப்புகளைப் பெரிதும் நம்பியிருக்க வேண்டியுள்ளது. நாள்தோறும் நடக்கும் தெருவைப் பற்றி உள்ளூரார் எழுதுவது அரிது. வந்தவனே எழுதுகிறான். ஆயின், அவன் ஏன் இறங்கினான், எவ்வளவு நேரம் நின்றான் என்னும் வினாக்களை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. கொழும்பு நகரைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் இன்றியமையாதன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கி.பி. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, அம்மன்னனது உதவியுடன் பாவா ஆதம் மலைக்குச் சென்றவர். திரும்பும் வழியிற் கொழும்பைக் கண்டார். சரந்தீபத்தின் அழகிய, பெரிய பட்டினங்களுள் அது ஒன்று என்றும், ஜாலஸ்தி என்னும் கடலதிபதி ஏறத்தாழ 500 அபிசீனியருடன் அங்கிருந்தான் என்றும் கூறி மேற்செல்கிறார். யாத்திரிகருக்கு மலையே குறியாயிருந்தது. பட்டினம் வழியிலே கிடந்தது.

கொழும்பைப் பார்ப்பதற்கென்றே பெருந்தொகையானோர் கரையிறங்கும் நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தோன்றிற்று. அதுவரை தபாற் கப்பல்கள் தரித்த துறை காலியே. கொழும்புத் துறை தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்தது. ஆனால் மலைநாட்டுக் கோப்பியும், 1867இற் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையும் வணிகத்தைக் கொழும்பின் பக்கம் இழுத்தன. 1869இற் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கப்பற் போக்குவரத்துப் பெருகிற்று. தேசாதிபதி கிரெகறியின் காலத்தில், 1875 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 4,000 அடிக்கு மேற்பட்ட அச்சுவர் 1885இல் நிறைவெய்தியது. காலியின் சிறப்பு அத்துடன் மங்கிற்று.

பயணிக்குரிய நகரும் அதே காலத்தில் உருப்பெற்றது. காலிமுகத்திடலருகே 1864இலேயே ஒரு விடுதி எழுந்திருந்தது. துறைமுகத்தை நோக்கி நின்ற பழைய படைமனை 1875இற் கிறான்ட் ஓரியன்ரல் விடுதியாயிற்று. நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. கறுவாத் தோட்டம், களனி விகாரை, கல்கிசைக் கடற்கரை, புறக்கோட்டைக் கடைத்தெரு என்று ஒரு சுற்று வகுக்கப்பட்டது. அச்சுற்று மாலைக்குள் முடிந்துவிடும், முடிந்தாக வேண்டும். ஏனெனில் கப்பல் காத்திராது.

கப்பல் ஏன் நின்றது? பிரதானமாக நிலக்கரிக்காக. ஐரோப்பாவுக்கும் கீழைத்தேயம், அவுஸ்திரேலியா ஆகியவற்றுக்கும் இடையே சென்ற நீராவிக் கப்பல்கள் கொழும்பிலே கரி ஏற்றின. தோணிகளிற் கொணரப்பட்ட கரியைத் தொழிலாளர் தம் உடல் வலியாலே மேலேற்றினர். அவ்வேளையிற் கரித்தூள் கப்பலெங்கும் படியும். மேற்தட்டில் இருக்க இயலாது. ஆகவே பயணிகள் கரைக்கு ஓடினர். உல்லாசப் பயணியின் ஓய்வுப் பொழுது கரி சுமந்தவனின் வேலைப் பொழுதினால் அளக்கப்பட்டது. கரையில் அவனுக்காகக் காத்திருந்த றிக்ஷாக்களை இழுத்தோரிற் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். பயண நூல்களில் இவர்கள் உளர். ஆயின் காட்சியின் ஒரு வண்ணமாகவே உளர்.

இதனைப் பயணியின் மனக்குறை என்று கொள்வது பொருந்தாது. அன்ரன் செக்கோவ் இதற்குத் தக்க சான்று. 1890இற் சகலின் தீவிலே மூன்று மாதங்கள் வீடு வீடாகச் சென்று, ஏறத்தாழ 10,000 அட்டைகளிற் கைதிகளினதும் குடியேறியவர்களினதும் விபரங்களைத் திரட்டியவர் அவர். அங்கிருந்து திரும்புகையில் நவம்பரிற் கொழும்பில் இறங்கிச் சில நாட்கள் தங்கினார், கண்டிக்கும் சென்றார். சகலினை நரகமென்று கண்ட அவர் இலங்கையைச் சொர்க்கமென எழுதினார். அதே கண்கள், அதே ஆண்டு. அங்கே மூன்று மாதம். இங்கே சில நாள். கொழும்பிலே தொடங்கியதாகக் கருதப்படும் ‘கூசெவ்’ என்னும் அவரது சிறுகதையில், நோயுற்ற படைவீரனொருவன் கப்பலில் இறந்து கடலில் இடப்படுகிறான். கொழும்பு அக்கதையில் இல்லை.

மார்க் ருவெயின் முதற்றடவை வந்தது 1896 சனவரியில். அப்போது நின்றது ஒரு நாளளவே. வீதியில் அசைந்த உடைகளின் நிறங்கள் அவரை மயக்கின. மேனாட்டுப் பாணியில் உடுத்த மிசன் பாடசாலைச் சிறுமியர் எதிர்ப்பட்டபோது காட்சி கெட்டதென வருந்தினார். பின் தம் உடையைப் பார்த்துத் தாமே நாணினார். அந்நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் அச்சிறுமியர் யார், அவ்வுடையினால் அவர்தம் பெற்றோர் எதனை எதிர்பார்த்தனர் என்பன அவரது வினாக்களல்ல. 1905இல் ஆனந்த குமாரசுவாமி அந்நிய உடை மோகத்தைக் கண்டித்துச் சிறு நூலொன்று வெளியிட்டார். இருவரும் ஒன்றையே கூறினர் போலத் தோன்றும். ஒருவருக்கோ அது கண்ணின் ஏமாற்றம். மற்றவருக்கு ஒரு சமுதாயத்தின் பிரச்சினை.

கரி சுமந்தோரும் றிக்ஷா இழுத்தோரும் பயணக்குறிப்பு எழுதவில்லை. வேலை செய்த காலமெல்லாம் பதிவேடுகளில் எண்ணிக்கையாக நின்றவர்கள், வேலையை நிறுத்தியபோதே செய்தியாயினர். குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாறு இவ்வகையிற் பயனுடைய நூல். கொழும்பு வண்டிக்காரர் 1906இல் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிலே துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். துறைமுகத்திற் கப்பல்கள் நின்றன. சரக்கேற்றவும் இறக்கவும் ஆளில்லை.