ஒரு மாணவன் கேட்ட கேள்வி, வெனிஸில் கிடைத்த பதில்



பல வருடங்களுக்கு முன் வகுப்பில் 'வெனிஸ் வணிகன்' கதை நடத்திக்கொண்டிருந்தேன். நீதிமன்றக் காட்சியில் ஷைலாக் தோற்றதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "அவர் ஏன் சார் வட்டிக்கு விடணும்? வேற தொழில் பார்த்திருக்கலாமே?" என்று கேட்டான். "பாடத்தில் இருப்பதை மட்டும் கேள்" என்று உட்கார வைத்துவிட்டேன்.

போன வருடம் வெனிஸ் போனபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

வெனிஸ் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்கோ சதுக்கத்துக்கும்தான் போகிறார்கள். நானும் முதல் நாள் அப்படியே போனேன். மறுநாள் காலை கன்னரேஜோ பகுதிக்கு நடந்தேன். நிலையத்திலிருந்து பத்து நிமிட தூரம்தான். கால்வாய்க் கரையில் வீடுகளுக்கு அடியில் நுழைந்து போகிற தாழ்வான வழி ஒன்று வரும். ஒரு காலத்தில் அங்கே கதவு இருந்தது. கீல் பொருத்திய தடம் இன்னும் கல்லில் தெரிகிறது.

அந்த இடத்தின் பெயர் கெட்டோ. ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு உலகம் முழுக்க வழங்கும் சொல் இங்கிருந்து போனதுதான். முன்பு அங்கே செம்பு வார்க்கும் பட்டறை இருந்ததால் வந்த பெயர் என்பார்கள்.

1516 மார்ச் 29 அன்று வெனிஸ் செனட் ஓர் ஆணை போட்டது. நகரத்து யூதர்கள் எல்லோரும் அந்தச் சின்னத் தீவில்தான் குடியிருக்க வேண்டும். இரவில் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். காவலுக்குக் கிறிஸ்தவக் காவலர்கள். அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டியவர்கள் உள்ளே பூட்டப்பட்ட யூதர்களே. வெளியே வந்தால் அடையாளத் தொப்பி அணிய வேண்டும். வீடு, நிலம் வாங்க உரிமை கிடையாது. வாடகை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடியது.

தொழில்? பழைய துணி விற்கலாம், வைத்தியம் பார்க்கலாம், அடகு பிடித்து வட்டிக்கு விடலாம். கைவினைச் சங்கங்களில் யூதர்களுக்கு இடமில்லை. அடகுக் கடை நடத்துவது அவர்கள் நகரத்தில் தங்குவதற்கான நிபந்தனையாகவே இருந்தது. வட்டி விகிதத்தையும் அரசே நிர்ணயித்தது. ஏழைகளுக்குக் கடன் கிடைக்க வேண்டும், அந்தப் பாவம் மட்டும் கிறிஸ்தவர் தலையில் விழக்கூடாது! ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதியபோது கெட்டோவுக்கு வயது ஏறத்தாழ 80. நாடகத்தில் அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வரலாறு சுவரிலேயே தெரிகிறது. வெனிஸில் வேறெங்கும் காணாத உயரத்தில், ஏழெட்டு மாடி வீடுகள். ஜனம் பெருகியது, இடம் பெருகவில்லை. அதனால் மேலே மேலே கட்டினார்கள். உள்ளே கூரை அவ்வளவு தாழ்வு. தொழுகைக்கூடங்களும் மேல்மாடியில்தான். 1528இல் ஏற்பட்ட ஜெர்மன் யூதர்களின் தொழுகைக்கூடத்தை, வரிசையாக இருக்கும் ஐந்து பெரிய ஜன்னல்களை வைத்துக் கீழிருந்தே கண்டுகொள்ளலாம்.

1797இல் நெப்போலியன் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகளைப் பிடுங்கி எரித்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகரத்தைப் பிடித்தது. யூதர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார்கள். சமூகத் தலைவராக இருந்த மருத்துவர் ஜுசெப்பே யோனா பட்டியலைக் கொடுக்காமல், செப்டம்பர் 17 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரால் பலர் தப்பினார்கள். ஆனாலும் 200க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சதுக்கத்துச் சுவரில் அவர்கள் நினைவாக வெண்கலச் சிற்பங்கள் இருக்கின்றன.

நான் போனபோது அதே சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மரத்தடி பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி பெஞ்சில் இருந்த அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தம்பி, இதை நீ படித்தால், உன் கேள்வி சரியான கேள்வி. வேறு தொழில் பார்க்க அவரை விடவில்லை. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உன்னை உட்கார வைத்தது என் தப்பு.