தனியார் பங்கு முதலீட்டு நிதிகள்: ஈட்டம், இடர், மதிப்பீடு

பங்குச் சந்தைக்கு வராத நிறுவனங்களில் முதலிட்டு, சில ஆண்டுகளில் விற்று வெளியேறுபவை இந்நிதிகள். இந்தியாவில் செபியின் 2012 ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிகள் இவற்றை நெறிப்படுத்துகின்றன. ஈட்டத்தை அளக்க இரு அளவுகள் உண்டு. 100 கோடி 200 கோடியானால் பெருக்கம் இரண்டு. அது 5 ஆண்டில் நடந்தால் ஆண்டு ஈட்டு விகிதம் சுமார் 15 விழுக்காடு. 10 ஆண்டில் என்றால் 7 தான். ஆகவே ஒரே எண்ணை நம்பக் கூடாது.

விற்காத பங்கின் மதிப்பு மதிப்பீடுதான். கைக்கு வந்த பணமே உறுதி. சென்னையில் 2010 இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. முதல் நாளே விலை 47 டாலரைத் தாண்டியது. ஓராண்டில் 18 டாலருக்கும் கீழே இறங்கியது. விற்றவருக்கும் காத்திருந்தவருக்கும் ஈட்டம் வெவ்வேறு. அன்றாட விலை இல்லாத நிறுவனத்திலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. காலாண்டு மதிப்பீடு அதை மறைத்து, இடரைக் குறைத்துக் காட்டுகிறது.

இளம் நிதி இன்னும் எதையும் விற்றிருக்காதே, மதிப்பீடின்றி எப்படி எடைபோடுவது என்பர். நியாயமே. மதிப்பீட்டைத் தள்ள வேண்டாம். வந்த பணத்தைத் தனியே காட்டி, அதே நாள்களில் பங்குச் சந்தைக் குறியீட்டில் இட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையோடு ஒப்பிட வேண்டும். தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோ வெளி முதலீடே பெறாமல் வளர்ந்தது. வெளியேறும் நாள் குறிக்கப்படாத அதற்கு இக்கணக்கு தேவைப்படவில்லை. பிறர் சேமிப்பைக் கையாளும் நிதிக்கோ இது தட்டிக்கழிக்க முடியாத கடமை.